குழந்தைக்கு இதய அறுவை சிகிச்சை: பெற்றோர் அந்த நாள்களை எப்படிக் கடப்பது?

உங்கள் 4 வயது மகளுக்கு இன்னும் 3 வாரத்தில் இதய அறுவை சிகிச்சை என்றும், பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் “தைரியமாக இருங்கள்” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள், அந்தத் தைரியத்தை எங்கே போய் வாங்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். என் மகனுக்கு 2 வயதும் 2 மாதமும் ஆகியிருந்தபோது புதுச்சேரியில் இதய அறுவை சிகிச்சை நடந்தது; இப்போது அவனுக்கு 7 வயது. எனக்குத் தைரியம் கடைசிவரை வரவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பயத்தை விரட்ட முடியாது என்று தெரிந்தபின் அதற்கு வேலை கொடுத்து உட்கார வைத்தேன், அவ்வளவுதான். அந்த வேலைகள் என்னென்ன என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் கடலூர் முதுநகரில் இருக்கிறோம். என் கணவர் விசைப்படகு இன்ஜின் பழுது பார்ப்பவர். நான் ஒரு மழலையர் பள்ளியில் வேலை செய்கிறேன். மகன் கைக்குழந்தையாக இருந்தபோது, குளிப்பாட்டுகையில் வீறிட்டு அழுதால் உதடு கருத்துப்போகும். பிள்ளை நிறம் கொஞ்சம் மட்டு என்பதால் அது யார் கண்ணிலும் உறுத்தவில்லை. தாத்தா நிறம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். நம் பிள்ளைகளின் தோலில் நீலம் பூப்பது எளிதில் தெரியாது, நாக்கையும் நகக்கண்களையும்தான் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டவை. நடக்கத் தொடங்கியபின் பத்தடி ஓடுவான், சட்டென்று குந்திக்கொள்வான். எறும்பு பார்க்கிறான் என்று நினைத்துச் சிரித்தோம். நாங்கள் காட்டிய மருத்துவர் ஒருவர் இரண்டு முறையும் சளி என்றே மருந்து எழுதினார். கடைசியில், அவனுடைய 16ஆம் மாதத்தில், அங்கன்வாடிக்கு வந்த தேசிய சிறார் நலத் திட்ட மருத்துவக் குழுவினர்தாம் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துவிட்டு நெடுநேரம் எடுக்காமல் இருந்தார்கள். 2013இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறை பரிசோதிக்கிறார்கள். அன்றைக்கு மழை என்று நான் அவனைத் தூக்கிக்கொண்டு போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

கடலூர்க்காரர்களுக்குப் பெரிய வியாதி என்றாலே முதலில் வாயில் வருவது ஜிப்மர், புதுச்சேரி கோரிமேட்டிலுள்ள மத்திய அரசு மருத்துவமனை. அங்கே போய், இதயத்தைப் படம் பிடித்துக் காட்டும் எக்கோ ஸ்கேன் எடுத்தோம். டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ என்று எழுதிக் கொடுத்தார்கள். 1888இல் இந்நோயை விரிவாக விவரித்த பிரெஞ்சு மருத்துவரின் பெயர் அது. எழுத்தில் கடைசியில் இருக்கும் ‘ட்’ ஒலிப்பில் வராது என்று அங்கிருந்த இளம் மருத்துவர் சொன்னபோது, பிரெஞ்சுப் பெயர்கள் எழுதிய புதுச்சேரித் தெருப் பலகைகள் நினைவுக்கு வந்தன. அந்த நேரத்தில் அப்படியொரு நினைப்பு எப்படி வந்தது என்று எனக்கே வியப்பாக இருக்கிறது. நோய் இதுதான்: இதயத்தின் இரண்டு கீழறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரில் ஓட்டை, நுரையீரலுக்கு இரத்தம் போகும் வழி குறுகல், உடம்புக்கெல்லாம் இரத்தம் கொண்டுபோகும் மகாதமனி அந்த ஓட்டையின் மேலேயே அமர்ந்திருத்தல், இவற்றால் வலக் கீழறையின் சுவர் தடித்துப்போதல். நுரையீரலுக்குப் போக வேண்டிய கெட்ட இரத்தம் வழியில்லாமல் ஓட்டை வழியாக நல்ல இரத்தத்தோடு கலந்துவிடுவதால்தான் பிள்ளை நீலமாகிறான். குந்திக்கொண்டால் கால்களின் இரத்தக் குழாய்கள் மடங்கி, உடம்புப் பக்கத்து அழுத்தம் கூடி, இரத்தம் நுரையீரல் பக்கம் திரும்புமாம். எறும்பு பார்த்ததாக நாங்கள் நினைத்த பிள்ளை, யாரும் சொல்லிக் கொடுக்காமல் தனக்குத்தானே வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

இதைத் தெரிந்துகொண்டதன் பயனை இரண்டே வாரத்தில் கண்டேன். புதுச்சேரிக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தோம். முள்ளோடையில் எல்லை தாண்டியதும் வண்டி நிற்கும். அங்கே இறங்குகிறவர்கள் மதுக்கடைக்குத்தான் இறங்குகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கூட்டத்தின் நெரிசலில் அழத் தொடங்கிய மகன் மூச்சு வாங்கி, நாக்கு நாவற்பழம் தின்றதுபோல் ஆகி, தலை தொங்கிவிட்டான். நான் அவனை மடியில் மல்லாத்தி, இரண்டு முழங்கால்களையும் மடக்கி மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். பக்கத்திலிருந்த அம்மாள் “பிள்ளை காலை உடைச்சுடப் போற, விடும்மா” என்று என் கையைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை. சில நிமிடங்களில் நிறம் திரும்பியது. அதன்பின் நேராக அவசரப் பிரிவுக்குத்தான் போனோம். ஆனால் அந்த நிமிடங்களில் என் கைகளுக்கு என்ன செய்வதென்று தெரிந்திருந்தது. உங்கள் மகளின் குறை எதுவென்று நீங்கள் எழுதவில்லை. எதுவாயினும், அது அவள் உடம்பில் என்ன செய்கிறது, வீட்டில் திடீரென்று என்ன நேரலாம், நேர்ந்தால் முதலில் செய்ய வேண்டியது என்ன என்பதை மருத்துவரிடம் கேட்டு, ஒரு தாளில் படம் வரைந்து தரச் சொல்லுங்கள். பெரும்பாலான மருத்துவர்கள் வரைந்து தருவார்கள்.

அந்தப் படத்தை ஒட்டுவதற்காகத்தான் 80 பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். பிறகு அதில் எல்லாம் ஏறிக்கொண்டது: எடை, ஆக்சிஜன் அளவு, மருந்து கொடுத்த நேரம், கேட்க வேண்டிய கேள்விகள், அவற்றுக்குக் கிடைத்த பதில்கள், பதில் சொன்னவர் யார், எந்தத் தேதி. மருத்துவர் முன்னால் உட்கார்ந்தால் எனக்கு மூளை வெறுமையாகிவிடும்; நோட்டைப் பார்த்துக் கேட்பேன். இரும்புச்சத்துக் குறைந்தால் நீல மயக்கம் அடிக்கடி வரும் என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். அக்னி நட்சத்திர வெயிலில் உடம்பில் நீர் வற்றினால் இரத்தம் இன்னும் தடித்துப்போகும் என்பதால் எவ்வளவு தண்ணீர் குடித்தான் என்பதைக்கூடக் குறித்து வைத்தேன். இத்தனையும் தேவைப்பட்டதா என்றால், பாதி தேவைப்பட்டிருக்காது. ஆனால் இரவு 2 மணிக்குத் தூக்கம் கலைந்தால், முகட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதற்கு மாறாக எழுதுவதற்கு ஏதோ ஒன்று இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் மாமியார், கிரகணத்தன்று நான் கொல்லைப்புறம் போனதால்தான் இப்படி ஆயிற்று என்று ஒரு நாள் சொல்லிவிட்டார். நான் பதில் பேசவில்லை; ஆனால் உள்ளுக்குள் நானும் அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். எந்த மாதத்தில் எதைத் தின்றேன், எப்போது காய்ச்சல் வந்தது என்று ஒவ்வொன்றாகத் தோண்டிக்கொண்டிருந்தேன். மருத்துவரிடம் கேட்டதற்கு, கருவில் இதயம் உருவாகி முடிவது முதல் 8 வாரங்களுக்குள், பல பெண்களுக்கு உண்டாகியிருப்பதே அப்போதுதான் தெரியவரும் என்றும், உலகெங்கும் 1000 குழந்தைகள் பிறந்தால் ஏறத்தாழ 8 குழந்தைகளுக்கு ஏதோவொரு இதயக் குறை இருக்கிறது, பெரும்பாலானவர்களுக்குக் காரணம் இன்னதென்று சுட்ட முடிவதில்லை என்றும் விளக்கினார். அதையும் நோட்டில் எழுதி, வீட்டுக்கு வந்து மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். “எனக்கென்ன தெரியும், பெரியவங்க சொன்னதைச் சொன்னேன்” என்றார். அவரே பிறகு, நாங்கள் மருத்துவமனையில் இருந்த 17 நாளும், காலையில் சமைத்துத் தூக்குச்சட்டியில் வைத்துக்கொண்டு முதுநகரிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்தார். அந்தச் சொல்லை நான் மறந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன்; அந்த வத்தல் குழம்பையும் மறக்கவில்லை.

அறுவை சிகிச்சை நடந்த மருத்துவமனையின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. எங்கள் முடிவு எங்கள் பிள்ளையின் அறிக்கையைப் பார்த்து எடுத்தது. நீங்கள் உங்கள் அறிக்கையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். பணத்தைப் பற்றியும் சுருக்கமாகவே சொல்கிறேன். தமிழ்நாட்டுக் குடும்பமாக இருந்து, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையை இப்போதே எடுத்துவிடுங்கள். வருமானச் சான்றிதழுக்கு அலையும் நாள்கள் நம் கையில் இல்லை. எந்த மருத்துவமனையில் அது செல்லும் என்பதை அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். எந்தக் காப்பீடும் தராத செலவு ஒன்று உண்டு: இருவரும் வேலைக்குப் போகாத நாள்களின் சம்பளம்.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் மருத்துவர் படத்தைக் காட்டி, ஓட்டையை அடைப்போம், குறுகலை வெட்டி அகலப்படுத்துவோம், அதற்காக இதயத்தைச் சிறிது நேரம் நிறுத்தி வைப்போம் என்றார். ‘நிறுத்தி’ என்ற சொல்லுக்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் எனக்குக் கேட்கவில்லை. அன்றிரவு கைபேசியில் தேடிப் படித்தேன். இரவில் படிக்காதே என்று எல்லோரும் சொன்னார்கள். நான் படித்ததில் ஒன்று மட்டும் என்னோடு தங்கிவிட்டது. 1954இல், அறுவையின்போது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக வேலை செய்யும் இயந்திரம் நம்பத்தக்கதாக அமையாத காலத்தில், அமெரிக்காவின் மினசோட்டாவில் வால்டன் லில்லெஹெய் என்ற மருத்துவர், குழந்தையைப் பெற்றவரையே பக்கத்து மேசையில் படுக்கவைத்து, இருவருடைய இரத்த ஓட்டத்தையும் குழாய்களால் இணைத்து, பெற்றவரின் இதயமும் நுரையீரலும் இரண்டு உடம்புகளுக்கும் வேலை செய்துகொண்டிருக்கும்போது குழந்தையின் இதயத்தைத் திறந்து தைத்திருக்கிறார். அப்படிப் படுத்த முதல் ஆள் ஒரு தகப்பன். அதைக் கணவரிடம் சொன்னபோது, நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இப்ப நம்மளைப் படுக்கச் சொன்னா எவ்வளவோ தேவலை” என்றார். அவர் அந்த நாள்களில் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

உண்மையில் வெளியே உட்கார்ந்திருப்பதுதான் கொடுமை. விடியற்காலையில் பால் கேட்டு அழுதான். மயக்க மருந்துக்கு முன் 6 மணி நேரம் பால் கூடாது, வெறும் தண்ணீர் என்றால் 2 மணி நேரத்துக்கு முன்புவரை தரலாம் என்று சொல்லியிருந்ததால், கரண்டியால் தண்ணீர் கொடுத்துக்கொண்டே தாழ்வாரத்தில் நடந்தேன். கதவு வரைக்கும் தூக்கிக்கொண்டு போக விட்டார்கள். பிறகு கை காலியாகிவிட்டது. கணவரின் நண்பர்கள் ஆறு பேர் முதுநகரிலிருந்து இரத்தம் கொடுக்க வந்திருந்தார்கள். அவர்களுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுப்பது, படிவம் நிரப்புவது, வீட்டுக்கு ஃபோன் செய்வது என்று அவர் ஓடிக்கொண்டிருந்தார். உங்கள் உறவினர்கள் “என்ன உதவி வேண்டும்” என்று கேட்டால் “ஒன்றும் வேண்டாம்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இரத்தம் கொடுக்க ஒருவர், ஃபோனுக்குப் பதில் சொல்ல ஒருவர், வீட்டிலிருக்கும் பிள்ளைக்கு ஒருவர் என்று பெயர் சொல்லிப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள்.

5 மணி நேரம் கழித்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் பார்க்க விட்டார்கள். வாயில் மூச்சுக் குழாய், கழுத்தில் ஒன்று, நெஞ்சுக்குக் கீழே இரண்டு வடிகுழாய்கள், மெல்லிய கம்பிகள், முகம் முழுவதும் வீக்கம். என்னென்ன குழாய் இருக்கும், எது எதற்கு என்று சிஸ்டர் ஒருவர் முந்தைய நாளே சொல்லியிருந்தார், நோட்டில் இருந்தது. அப்படியிருந்தும் காலடியில் தரை நழுவியது. பிறகு, பழக்கத்தால், போர்வையை விலக்கி அவன் கால் விரல்களைப் பார்த்தேன். நகங்கள் இளஞ்சிவப்பாக இருந்தன. அவன் பிறந்ததிலிருந்து அந்த நிறத்தை நான் பார்த்ததில்லை.

எல்லாம் முடிந்தது என்று நினைத்து வீட்டுக்கு வந்த பிறகுதான் நான் உடைந்துபோனேன். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மார்பெலும்பு சேர 6 முதல் 8 வாரமாகும், அதுவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது, முதுகுக்கும் பிட்டத்துக்கும் கீழே கைகொடுத்து வாரியெடுக்க வேண்டும் என்பது வரை தெரியும். இரவில் அலறி எழுவான், வெள்ளைச் சட்டை போட்டவரைக் கண்டால் நடுங்குவான் என்பது தெரியாது. சமையற்கட்டில் நின்றுகொண்டு காரணமில்லாமல் நான் அழுவேன் என்பதும் தெரியாது. அப்போதுதான், மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த மூத்த மகளின் பள்ளி நாட்குறிப்பைத் தற்செயலாகத் திறந்தேன். பெற்றோர் கையொப்பம் இடும் இடத்தில் 17 நாளும் என் கையெழுத்து இருந்தது. அவளே போட்டிருந்தாள், என் பெயரின் கடைசிச் சுழியைக்கூட ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தியிருந்தாள். திட்டுவேன் என்று பயந்து தூண் மறைவில் நின்றாள். உங்களுக்கு இன்னொரு பிள்ளை இருந்தால், அவளுக்கும் ஒரு நாளில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அதை நான் செய்யவில்லை.

உங்கள் மகளுக்கு 4 வயது என்பதால் அவளிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். வலிக்காது என்று மட்டும் சொல்லாதீர்கள். வலித்தவுடன் நீங்கள் சொன்ன மற்றவற்றையும் அவள் நம்ப மாட்டாள். எங்கள் வார்டில் ஒரு தாய் தன் மகளின் பொம்மைக்கு நெஞ்சில் பிளாஸ்திரி ஒட்டி, மூக்கில் உறிஞ்சுகுழல் செருகி, தினமும் அதற்கு ‘ஆபரேஷன்’ செய்ய விட்டார். அந்தப் பெண் கண் விழித்ததும் முதலில் தேடியது பொம்மையின் பிளாஸ்திரியைத்தான்.

என் மகனுக்கு ஆண்டுதோறும் எக்கோ எடுக்கிறோம். நுரையீரலுக்கு இரத்தம் போகும் வழியிலுள்ள வால்வில் கசிவு இருக்கிறது. வளர்ந்தபின் அதை மாற்ற வேண்டிவரலாம் என்று தொடக்கத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். இப்போது மூன்றாவது நோட்டு ஓடுகிறது, அடுத்த சந்திப்புக்கான பக்கத்தில் முதல் கேள்வியை அவனே எழுதியிருக்கிறான்: “நான் கபடி ஆடலாமா டாக்டர்?”

3 வாரம் இருக்கிறது என்கிறீர்கள். மகளைப் பல் மருத்துவரிடம் காட்டிவிட்டீர்களா? சொத்தைப் பல்லில் இருக்கும் கிருமி இரத்தத்தின் வழியே இதயத்துக்குப் போய்விடலாம் என்பதால் அதை முன்பே சரிசெய்யச் சொல்வார்கள். எங்கள் பக்கத்துப் படுக்கைக் குழந்தைக்கு அது கடைசி நேரத்தில் தெரிந்து தேதி தள்ளிப்போயிற்று. காட்டவில்லை என்றால் இந்த வாரமே காட்டிவிடுங்கள்.