நடத்தையின் பரிணாமத்தைச் சிமுலேஷனில் காட்ட முடியுமா?

விலங்குகளின் நடத்தை பரிணமிப்பதைக் கம்ப்யூட்டர் சிமுலேஷன் வைத்துப் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் புரியவைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். கோபி பக்கம் உயிரியல் எடுக்கிறேன், வருடாவருடம் செய்கிறேன்.

பரிணாம ஆய்வாளர்கள் ஜான் மேனார்டு ஸ்மித்தும் ஜார்ஜ் பிரைஸும் 1973-ல் முன்வைத்த பருந்து–புறா ஆட்டம்தான் அடிப்படை; பருந்து என்றால் சண்டை போடும் வகை, புறா என்றால் விட்டுக்கொடுக்கும் வகை. எங்கள் பிள்ளைகளுக்கு அதைச் சேவலாக மாற்றிக்கொண்டேன். குப்பைமேட்டில் கிடைக்கும் தீனிக்கு மதிப்பு 4. விட்டுக்கொடுக்கும் சேவல்கள் இரண்டு சந்தித்தால் ஆளுக்கு 2. சண்டைக்காரச் சேவல் எதிரே வந்தால் நாலும் அதற்கே. இரண்டு சண்டைக்காரச் சேவல்கள் மோதினால் ஜெயித்ததற்குத் தீனி, தோற்றதற்குக் காயம், நஷ்டம் 10. சராசரி மைனஸ் 3. புள்ளிக்குத் தக்கபடி அடுத்த தலைமுறைக் குஞ்சுகள். (எல்லாவற்றுக்கும் ஆரம்பப் புள்ளி 10 கொடுத்துவிடுங்கள், மைனஸ் குஞ்சு வராது.) நெட்லோகோ என்ற சிமுலேஷன் மென்பொருள் இலவசம், எக்ஸெல்லே போதும்.

ஓட்டுவதற்கு முன் ஊகத்தை நோட்டில் எழுதவையுங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். "சண்டைச் சேவல்தானுங்க சார் கடைசீல நிக்கும்" என்றுதான் பாதி வகுப்பு எழுதும். ஆனால் சண்டைச் சேவல்கள் எத்தனை சதவீதம் என்று காட்டும் வரைபடக் கோடு 5 சதவீதத்தில் தொடங்கினாலும் 90-ல் தொடங்கினாலும் 40-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். "அதென்னங்க சார் நாப்பது?" என்று ஒரு பெண் கேட்டாள். தீனி 4, காயம் 10, வகுத்துப் பார் என்றேன். காயத்தை 20 ஆக்கினாள். கோடு 20 சதவீதத்துக்கு இறங்கியது.

இருபதே சேவல்களை வைத்தும் ஓட்டிக் காட்டுங்கள். கோடு தாறுமாறாக ஆடும், சிலசமயம் ஒரு வகை அடியோடு அழிந்துபோகும். மரபியல் நகர்வை, அதாவது சின்னக் கூட்டத்தில் தற்செயலாகவே ஒரு வகை கூடுவதையும் குறைவதையும், அங்கேயே பேசிவிடலாம்.