46 இரட்டித்தால் 92 ஆகாதா?

கேள்வி: பள்ளியில் உயிரியல் படித்துப் பதினைந்து வருடமாகிறது. இப்போது நர்சிங் படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுதப்போகிறேன். ஆறு வாரம்தான் இருக்கிறது, செல் பிரிதலைத் தாண்ட முடியவில்லை. பிரியும் முன் 46 குரோமோசோமும் இரட்டிக்கும் என்கிறார்கள். அப்படியானால் 92 ஆகாதா? மைட்டாசிஸும் மியாசிஸும் வேறு கலந்துபோகின்றன. 'இந்த நூறு கேள்வி போதும்' என்று ஒருவர் நோட்ஸ் விற்கிறார். வாங்கலாமா?

பதில்: நோட்ஸ் வேண்டாம். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

மனப்பாடம் செய்கிறவர்களுக்கு இந்த 92 சந்தேகம் வரவே வராது, உங்களுக்கு வந்திருக்கிறது. சரி, இரண்டு தாள் எடுங்கள். ஒரு தாள் ஒரு குரோமோசோம், அதாவது ஒரு டிஎன்ஏ இழை என்று வையுங்கள். ஒன்று அம்மா வழி வந்தது, இன்னொன்று அப்பா வழி. இது ஒரு ஜோடி. மனித உடல் செல்லில் இப்படி 23 ஜோடி. ஒவ்வொரு தாளுக்கும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து, மூலத்தோடு சேர்த்து கிளிப் போடுங்கள். இப்போது தாள் நான்கு, கிளிப் இரண்டு. குரோமோசோமை எண்ணுவது கிளிப்பை வைத்து. இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்தான் சென்ட்ரோமியர், அப்படிச் சேர்ந்திருக்கும் ஒவ்வொரு தாளும்தான் குரோமாட்டிட். டிஎன்ஏ இரட்டித்த பிறகும் குரோமோசோம் 46தான்; குரோமாட்டிட்தான் 92.

உடல் செல்கள் பெருகும் மைட்டாசிஸில் எல்லா கிளிப்பும் அவிழும். ஒவ்வொரு கிளிப்பிலிருந்தும் ஒரு தாள் ஒரு பக்கம், இன்னொன்று மறுபக்கம். அவிழ்ந்ததும் ஒவ்வொரு தாளும் தனிக் கணக்கு என்பதால், அந்தச் சற்று நேரம் மட்டும் செல்லுக்குள் 92 இருக்கும். பிறகு இரண்டு செல், ஒவ்வொன்றிலும் 46.

விந்தணுவும் முட்டையும் உருவாகும் மியாசிஸின் முதல் பிரிவில் கிளிப்பைத் தொடுவதே இல்லை. ஜோடிதான் பிரிகிறது. 23 கிளிப் அந்தப் பக்கம், 23 இந்தப் பக்கம். எண்ணிக்கை பாதியாவது இங்கேதான். இரண்டாவது பிரிவில் கிளிப் அவிழும். நான்கு செல், ஒவ்வொன்றிலும் 23 ஒற்றைத் தாள். நகல் எடுப்பது ஒரு தடவை, பிரிவது இரண்டு தடவை. இதற்கு மேல் இருக்கும் நுணுக்கங்களை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

நோட்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வருடம் நான் திருத்திய விடைத்தாள்களில் கட்டுக்கட்டாக ஒரே வாக்கியம்: 'முதல் பிரிவில் எண்ணிக்கை மாறாது, இரண்டாவதில் பாதியாகும்.' எழுத்துக்கூட மாறவில்லை. விசாரித்தால், விற்பனையில் இருந்த ஒரு கையேட்டில் அப்படியே அச்சாகியிருந்தது. அடுத்த பதிப்பில் அட்டைதான் மாறியது, பிழை மாறவில்லை. விற்கிறவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. வினாத்தாள் எடுப்பவர்கள் ப்ரோஃபேஸ், மெட்டாஃபேஸ் என்று பெயர்களை வரிசையாக ஒப்பிக்கச் சொல்கிறார்கள்; எந்தக் கட்டத்தில் எத்தனை குரோமோசோம் என்று கேட்கிறவர் அபூர்வம். ஒப்பித்தால் பாஸ் என்றால் நோட்ஸ் வியாபாரம் ஏன் நடக்காது?

நர்சிங் என்கிறீர்கள், அதனால் ஒரு விதிவிலக்கை மட்டும் விடமாட்டேன். 'எல்லா உடல் செல்லிலும் 46' என்று எழுதாதீர்கள். ரத்தச் சிவப்பணு இருக்கிறது. எலும்பு மஜ்ஜையில் உருவாகும்போது அதற்கு உட்கரு உண்டு. முதிரும்போது வெளியே தள்ளிவிடுகிறது. உட்கரு போனால் குரோமோசோமும் போயிற்று, ஆகவே பிரியவும் முடியாது. சுமார் 120 நாள் சுற்றிவிட்டு அழிகிறது. ஆக்ஸிஜனைக் கொண்டு சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் கிடையாது, ஆகவே சுமக்கிற ஆக்ஸிஜனைத் தன் தேவைக்குச் செலவழிப்பதில்லை. பிறகு ரத்தத்தில் டிஎன்ஏ பரிசோதனை எப்படி என்பீர்கள். அது வெள்ளையணுக்களிலிருந்து வருகிறது. இன்னொன்று: தவளை, பறவை இவற்றின் சிவப்பணுவில் உட்கரு இருக்கும். ஆகவே 'சிவப்பணுவுக்கு உட்கரு இல்லை' என்று மொட்டையாக எழுதாமல், 'மனிதரின் முதிர்ந்த சிவப்பணுவுக்கு' என்றே எழுதுங்கள்.

படிக்க உங்கள் பழைய பாடப்புத்தகமே போதும். முதலில் செல், அடுத்து செல் பிரிதல், பிறகு மரபியல், கடைசியில் உடல் மண்டலங்கள்.

இன்றிரவே புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, இரண்டு ஜோடித் தாள்களை வைத்து மியாசிஸ் செய்து பாருங்கள். நகல் எடுத்ததும் நான்கு கிளிப் இருக்கும். முதல் பிரிவு முடிந்ததும் ஒவ்வொரு குவியலிலும் இரண்டு கிளிப் வர வேண்டும். நான்கு ஒற்றைத் தாள் வந்திருந்தால், அவசரப்பட்டு கிளிப்பை அவிழ்த்து மைட்டாசிஸ் செய்துவிட்டீர்கள்.