144 என்று சொன்னால் போதுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஏரியில் கழிவுநீர் கலப்பதைக் கண்டித்து ஒரு கூட்டம் நடத்த நினைத்தோம். அனுமதி கேட்கப் போனால், "144 போட்டிருக்கு, அஞ்சு பேருக்கு மேல கூடக்கூடாது" என்று வாயாலேயே சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கூடிப் பேசுவது அரசியலமைப்பு தந்த உரிமை இல்லையா? அதை இப்படிப் பறித்துவிட முடியுமா?

செ.

அன்புள்ள செ.,

வாயால் சொல்லிப் பறிக்க முடியாது. ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையைத் தருகிற அரசியலமைப்பின் 19ஆவது பிரிவே, பொது ஒழுங்கு, நாட்டின் இறையாண்மை, ஒருமைப்பாடு ஆகியவற்றுக்காக அதற்கு நியாயமான கட்டுப்பாடு விதிக்கவும் இடம் தருகிறது. ஆனால் அந்தக் கட்டுப்பாடு ஒரு சட்டத்தின் வழியாகத்தான் வர வேண்டும். உங்களிடம் சொல்லப்பட்டது எந்தச் சட்டம் என்பதிலேயே குழப்பம் இருக்கிறது.

144 என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு எண். 2024 ஜூலை 1 முதல் அது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163ஆவது பிரிவு. மாவட்ட ஆட்சியரோ கோட்டாட்சியரோ அதிகாரம் பெற்ற நிர்வாக நடுவரோ எழுத்தில் பிறப்பிக்க வேண்டிய உத்தரவு அது. காவல் நிலைய ஆய்வாளர் பிறப்பிக்க முடியாது. தடைக்கான காரணத் தகவல்கள் அதில் இருந்தாக வேண்டும். ஆயுள் இரண்டு மாதம். அதற்கு மேல் மாநில அரசு மட்டும் ஆறு மாதம் வரை நீட்டிக்கலாம். 'ஐந்து பேர்' என்ற எண் அந்தப் பிரிவில் எங்குமே இல்லை. அது சட்டவிரோதக் கூட்டத்துக்கான வரையறையிலிருந்து வந்தது. அங்கும் ஐந்து பேர் சேர்ந்தால் மட்டும் போதாது, சட்டவிரோதமான பொது நோக்கமும் வேண்டும்.

பல ஊர்களில் உண்மையில் நடப்பில் இருப்பது 1861ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தின் 30(2) பிரிவு. அது உரிமம் கேட்கச் சொல்லி, நிபந்தனையோடு அதைத் தருவதற்கான ஏற்பாடு. அதையும் '144' என்று சொல்லிவிடுகிறார்கள். ஆகவே முதலில் உத்தரவின் நகலை எழுத்துமூலம் கேளுங்கள். எண், தேதி, கையெழுத்திட்டவர், எந்த எல்லைக்குள், எந்த நாள் வரை என்ற ஐந்தும் தெரிய வேண்டும். காஷ்மீரில் விதித்த தடைகள் பற்றிய வழக்கில் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், இத்தகைய உத்தரவுகளை வெளியிட வேண்டும், நியாயமான கருத்தை ஒடுக்க அவற்றைப் பயன்படுத்தக்கூடாது, திரும்பத் திரும்பப் பிறப்பிப்பது அதிகார துஷ்பிரயோகம் என்றெல்லாம் சொல்லியிருக்கிறது. இரண்டு மாதம் முடிந்ததும் அதே வாசகத்தோடு இன்னொரு உத்தரவு வருவதுதான் எனக்கு மிகவும் கவலை தருகிற பழக்கம். தற்காலிகத் தடை நிரந்தரமாவது அப்படித்தான்.

163 உண்மையிலேயே இருந்தால், உத்தரவிட்டவரிடமே ரத்து செய்யவோ மாற்றவோ கேட்டு மனு கொடுக்கலாம். அவர் உங்கள் தரப்பை விரைவில் நேரிலோ வழக்கறிஞர் மூலமோ கேட்க வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத வேண்டும். ரத்து கேட்பதைவிட மாற்றம் கேட்பது எளிதில் கிடைக்கும்: ஒலிபெருக்கி இல்லாமல், வேறு திடலில், இரண்டு மணி நேரம் என்பது போல. அதுவும் மறுக்கப்பட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. பலர் கோட்டை விடுவது இங்கேதான். கூட்டத்துக்கு முந்தின நாள் நீதிமன்றம் போகிறார்கள், கையில் மறுப்புக் கடிதமும் இல்லை, மனு கொடுத்த ஒப்புகையும் இல்லை. குறைந்தது மூன்று வாரம் முன்னால் மனு கொடுங்கள். ஒப்புகை தர மறுத்தால் அன்றே விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்), சேர்ப்பித்ததற்கான சான்று கேட்டு அனுப்புங்கள்.

தடையை மீறினால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 223ஆவது பிரிவு: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும், உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து நேர்ந்தால் ஓராண்டு, 5,000 ரூபாய் வரை. பழைய சட்டத்தில் இதைவிடக் குறைவு. ஆனால் உரிய அதிகாரியின் எழுத்துப் புகார் இல்லாமல் நீதிமன்றம் இதை விசாரணைக்கு எடுக்க முடியாது.

புது மனுவில் 'பெருந்திரளாக' என்று எழுதாதீர்கள். 150 பேர், மாலை 4 முதல் 6 வரை, ஒழுங்குபடுத்த 10 தொண்டர்கள், வாகனங்கள் நிறுத்தும் இடம் இது என்று எழுதுங்கள். மறுப்பவர் அந்த ஒவ்வொன்றுக்கும் பதில் எழுத வேண்டிவரும்.