ஏசிஎஸ்712: எந்த ரகம் என்று கண்டுபிடிப்பது எப்படி?

ஏசிஎஸ்712 என்பது கரண்டை அளக்கும் சென்சார் சிப். அதை மாட்டி அளக்கிறீர்கள்; மல்டிமீட்டர் 1 ஆம்பியர் காட்டும்போது உங்கள் ஆர்டுயினோ (சிப்பைப் படிக்கும் குட்டி கம்ப்யூட்டர் போர்டு) 0.54 என்கிறது, இல்லையா? புரோகிராம் கோடின் கணக்கில் தப்பில்லை. அதில் இருக்கும் 185-ஐ (ஒரு ஆம்பியருக்கு சிப் தரும் மில்லிவோல்ட்) 100 என்று மாற்றிப் பாருங்கள், சரியாகிவிடும். உங்களிடம் இருப்பது 20 ஆம்பியர் சிப். கோடு 5 ஆம்பியருக்கு எழுதியது.

5, 20, 30 ஆம்பியர் என மூன்று ரகத்துக்கும் போர்டு ஒன்றேதான், பாக்கெட் லேபிளை நம்பாதீர்கள். (அதை நம்பி ஒரு மாலை முழுக்க கோடைத் திட்டிக்கொண்டிருந்தவன் நான்.) போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து சிப்பின் முதுகைப் பாருங்கள். ஈஎல்சி என்ற எழுத்துக்குப் பின்னால் 05பி, 20ஏ, 30ஏ என மூன்றில் ஒன்று இருக்கும்.

எழுத்து அழிந்திருந்தால் சிப்புக்குச் சரியாக 5 வோல்ட் கொடுங்கள். லோடு இல்லாதபோது அவுட் பின்னில் 2.5 வோல்ட் வரும். இனி 1 ஆம்பியர் ஓடவிட்டால் அது 0.185 வோல்ட் நகர்ந்தால் 5 ஆம்பியர் ரகம், 0.1 என்றால் 20, 0.066 என்றால் 30. மேலே ஏறாமல் கீழே இறங்கினால் பயப்பட வேண்டாம், வயரைத் திருப்பி மாட்டியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

அப்புறம், யுஎஸ்பி சப்ளை 4.7 வோல்ட்டாக இருந்தால் அந்த 2.5-உம் 2.35 ஆகிவிடும். முதலில் சப்ளையை அளந்துவிடுங்கள்.