அட்டாக்குக்குப் பிறகு அப்பாவுக்குக் கால் வீக்கம், மூச்சுத்திணறல்

அட்டாக் வந்து மூன்று வாரத்தில் அப்பாவுக்குக் கால் வீங்குகிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது, எக்கோவில் (இதய ஸ்கேனில்) பம்பிங், அதாவது இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் அளவு, 35 சதவீதம், திரும்ப ஆபரேஷனா என்று கேட்டிருந்தீர்கள். இதய வார்டில் நர்ஸாக இருந்தவள் நான். இதயம் பலவீனமாகி உடம்பில் நீர் தேங்கும் இந்த நிலைக்குப் பெரும்பாலும் முதல் வைத்தியம் மாத்திரையும் வீட்டுக் கவனிப்பும்தான். ஆனால் படுத்தால் மூச்சு முட்டுவதை நாளைக்குத் தள்ளாதீர்கள், இன்றே டாக்டரிடம் காட்டுங்கள், நீர் பிரிக்கும் மாத்திரையின் அளவை அவர் மாற்ற வேண்டியிருக்கலாம்.

அப்புறம், ஒரு எடை மெஷின் வாங்குங்கள். தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன் எடை பார்த்துக் காலண்டரிலேயே குறித்து வையுங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சதை இல்லை, தண்ணீர். கால் வீங்கும் முன்பே எடை காட்டிக்கொடுத்துவிடும்.

ஊறுகாய், அப்பளம், கருவாடு வேண்டாம் (எங்கள் வீட்டில் அப்பளத்துக்குத்தான் பெரிய சண்டை). அதற்காக சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதை நீங்களாக வாங்காதீர்கள், அதில் பொட்டாசியம் இருக்கும், இவருக்குத் தரும் சில மாத்திரைகளோடு சேர்ந்தால் ரத்தத்தில் அது ஏறி இதயத்துடிப்பையே குழப்பிவிடும். மூட்டுவலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபினாக் வாங்கிப் போடுவதும் கூடாது, அது உடம்பில் நீரைத் தேக்கும். ஸ்டென்ட் (ரத்தக்குழாய் அடைப்பைத் திறந்து வைக்கும் சின்னக் குழாய்) வைத்திருந்தால் பல் பிடுங்கவேண்டி வந்தாலும் இதய டாக்டரைக் கேட்காமல் ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டில் எதையும் நிறுத்தாதீர்கள்.

உட்கார்ந்திருந்தும் மூச்சு வாங்கினால், சளி இளஞ்சிவப்பு நுரையாக வந்தால், நெஞ்சு வலித்தால் படுக்க வைக்காமல் காலைத் தொங்கவிட்டு உட்காரவைத்து உடனே 108.