ஒடஞ்ச கைக்குக் கொம்பரக்கு குடுக்கலாமுங்களா?

கோபிச்செட்டிபாளையத்துல இருந்து ஒருத்தர் கேட்டிருக்காங்க. அம்மாவுக்கு 62 வயசு, களத்துல வழுக்கி விழுந்து மணிக்கட்டு ஒடஞ்சு மாவுக்கட்டு போட்டிருக்காங்களாம், பக்கத்து ஊட்டு அப்பத்தா கொம்பரக்கை, அதாவது மரக்குச்சில ஒட்டியிருக்கற அரக்குப் பிசினை, இடிச்சு பால்ல கலக்கிக் குடுன்னு சொல்றாங்களாம், குடுக்கலாமான்னு.

அப்பத்தா சொல்றது அவங்களா கட்டுன கதை இல்லீங்க. எலும்பு முறிவுக்கு அரக்கு பழைய மருந்துதான், ஆயுர்வேதத்துல லாக்ஷா குக்குலுன்னு மாத்திரையே இருக்கு, அரக்கோட பிரண்டை, மருதம்பட்டை, அமுக்கரா எல்லாம் சேர்த்து குக்குலு பிசின்ல இடிப்பாங்க. ஆனா நீங்களா வாங்கியாந்து இடிக்காதீங்க. கடையில அரக்குன்னு கேட்டா எதையும் நீட்டுவாங்க, கவருக்கு சீல் வைக்கற குச்சியும் அரக்குதான், அதுல சாயமும் ரோசனம்ங்கற வேற மரப்பிசினும் கெடக்கும், கோயமுத்தூர் நகைப்பட்டறைல நகைக்குள்ள அடைக்கறதும் அரக்குதான், அதெல்லாம் வயித்துக்கு ஆகாதுங்க.

மருந்துக்கு எடுக்கறது குச்சியோட வர்ற கொம்பரக்கு. புரசு, இலந்தை மாதிரி மரத்துக் கெளைல பூச்சி அப்பிக்கிட்டு சாறை உறிஞ்சிட்டு விடற பிசின் அது, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பக்கம்தான் விளைச்சல் ஜாஸ்தி. ஒரு துண்டு ஒடச்சுப் பாருங்க, உள்ள செம்பழுப்பா பொந்து பொந்தா இருக்கும், பட்டைத்தூளும் செத்த பூச்சியும் சேர்ந்தே கெடக்கும், அதை அப்படியே பால்ல போட்டா எப்படிங்க?

அதுவுமில்லாம பிசின் தண்ணில கரையாது, செவப்புச் சாயம் மட்டும்தான் எறங்கும். அதனால வைத்தியருங்க துணில முடிஞ்சு தண்ணிக்குள்ள தொங்கவிட்டு காய்ச்சி, அந்தச் செவப்புத் தண்ணியை நல்லெண்ணெய், தயிர்த்தெளிவோட சேர்த்து லாக்ஷாதி தைலம் காய்ச்சறாங்க. பாலக்காட்டுப் பக்கம் கைக்குழந்தைக்குத் தேச்சு விடறதும் இந்த வகைதான், ஆனா அது தேங்கெண்ணெய்ல.

உங்கம்மாவுக்கு இப்போதைக்கு உள்ளுக்கு அரக்கு எதுவும் வேண்டாம். கட்டுக்குள்ள எண்ணெய் விட்றாதீங்க, கட்டு பிரிச்சு டாக்டர் சரின்னதும் தைலத்தை எளஞ்சூடா மேலாக்கத் தடவி மணிக்கட்டை மெதுவா அசைக்கச் சொல்லுங்க. லாக்ஷா குக்குலு மாத்திரைதான் வேணும்னா சித்த, ஆயுர்வேத டாக்டர்கிட்ட போயி, சுகர், தைராய்டு, ரத்தம் உறையாம இருக்கற மாத்திரை எது சாப்பிட்டாலும் சொல்லிட்டு வாங்குங்க. வெரல் நீலம் பாரிச்சாலோ மரத்துப் போனாலோ ராத்திரின்னு பார்க்காம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. இந்த வயசுல சும்மா வழுக்கி விழுந்ததுக்கே எலும்பு ஒடஞ்சிருக்கு, எலும்பு அடர்த்தி டெஸ்டும் வைட்டமின் டி டெஸ்டும் எடுத்துருங்க, அரக்கைவிட அதுதான் இப்ப அவசரமுங்க.