டிஎன்ஏ படத்தில் எந்தப் பிணைப்பு எங்கே?

ஒரே இழையில் நியூக்ளியோடைடுகளை (சர்க்கரை, பாஸ்பேட், நைட்ரஜன் காரம் சேர்ந்த டிஎன்ஏ அலகுகளை) கோப்பது ஹைட்ரஜன் பிணைப்பு என்று எழுதியதற்கு ஏன் மதிப்பெண் குறைந்தது என்று கேட்டிருந்தீர்கள். குறைத்தது சரிதான். இரண்டு வேறு பிணைப்புகளைக் கலந்துவிட்டீர்கள்.

முதலில் ஓர் இழையை மட்டும் பாருங்கள். டிஆக்ஸிரைபோஸ் சர்க்கரையின் கார்பன்களுக்கு 1' முதல் 5' வரை எண் உண்டு. 1'-இல் நைட்ரஜன் காரம், 3'-இல் ஹைட்ராக்சில், 5'-இல் பாஸ்பேட். புதிய நியூக்ளியோடைடு மூன்று பாஸ்பேட்டுகளோடு வரும். இழையின் நுனியில் உள்ள 3' ஹைட்ராக்சில், புதியதன் சர்க்கரையை ஒட்டிய பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும். மற்ற இரண்டும் கழன்றுவிடும். இதுதான் பாஸ்போடைஎஸ்டர் பிணைப்பு. இழை 3' முனையில் மட்டுமே நீள்வதும் இதனால்தான்.

ஹைட்ரஜன் பிணைப்பு இரு இழைகளின் காரங்களுக்கு நடுவே இருப்பது: அடினைன், தைமினுக்கு இடையே இரண்டு, குவானைன், சைட்டோசினுக்கு இடையே மூன்று. பிசிஆர் (டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும்) சோதனையில் ஏறத்தாழ 95 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் இழைகள் பிரியும், ஆனால் பாஸ்போடைஎஸ்டர் பிணைப்புகளால் ஆன ஒவ்வோர் இழையின் முதுகெலும்பும் அறுபடாது. இந்த ஓர் உதாரணம் போதும், இனி குழம்பாது.

அப்புறம், நீங்கள் இணைத்திருந்த படத்தில் இரு இழைகளுக்கும் மேல்முனையில் 5' என்று போட்டிருக்கிறீர்கள். கேள்வியில் கேட்கவில்லை என்றாலும் அதுவும் தவறு. ஒன்றின் மேல்முனை 5' என்றால் மற்றதன் மேல்முனை 3'. வரையும்போது வலப்பக்கச் சர்க்கரை ஐங்கோணங்களைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போடுங்கள். எண்கள் தானாகவே சரியாக விழும்.